ஐயாயிரம் ரூபாய் காஸ்டும் ஒன்றே முக்கால் ஏக்கர் தோட்டமும்

சிவில் வழக்கில் தோற்பதற்குச் சாட்சி பிறழ வேண்டியதில்லை, பத்திரம் போலியாக இருக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் குறித்த தேதிக்குள் குறித்த தொகையைக் கட்டாமல் விட்டாலே போதும். எங்கள் சித்தப்பாவின் வழக்கில் நடந்தது அதுதான். நான் வக்கீல் இல்லை. கீழ்ப்பழனி மலையில் காபியும் மிளகும் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். வக்கீல் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து குமாஸ்தாக்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இங்கே இருப்பவை. உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே சரி. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது இதைப் படித்தால் தெரியும்.

தாண்டிக்குடிக்குச் சற்றுக் கீழே சித்தப்பாவுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நிழலில் காபி, ஓரத்தில் மலைவாழை. அது வாய்மொழிப் பாகப்பிரிவினையில் தன் பங்குக்கு வந்த நிலம் என்று மூத்த தாரத்து வழிப் பங்காளி ஒருவர் உரிமை கோரி வழக்குப் போட்டார். நிலத்தைத் தன் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். சம்மன் வந்தது. சித்தப்பா வக்கீல் வைத்து வக்காலத்தும் போட்டார். அதன் பிறகு கண் அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்குப் போய் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். எதிருரை தாக்கல் செய்யச் சட்டம் தரும் காலம் 30 நாள். நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள் வரை. அதுவும் கடந்து போனது. எதிருரை இல்லை, ஆளும் இல்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது, அதாவது எங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலையாகத் தீர்ப்பு.

அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட 30 நாள்தான் உண்டு என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. சித்தப்பா மலையேறி வந்தபோது அந்தக் காலமும் தாண்டி மாதங்கள் ஆகியிருந்தன. எனவே தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, தீர்ப்பை ரத்து செய்யக் கோரி ஒரு மனு என இரண்டு போட வேண்டியதாயிற்று. மருத்துவமனைச் சீட்டுகள் இருந்ததால் நீதிபதி தாமதத்தை மன்னித்தார். ஆனால் சும்மா மன்னிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலிடம் 5,000 ரூபாய் காஸ்ட் (செலவுத் தொகை) செலுத்த வேண்டும், இந்தத் தேதிக்குள் செலுத்த வேண்டும், தவறினால் மனு தானாகவே தள்ளுபடியாகிவிடும், வழக்கு அதற்கடுத்த இந்தத் தேதியில் அழைக்கப்படும் என்று உத்தரவு. கெடு திங்கட்கிழமை. வாய்தா வியாழக்கிழமை.

சித்தப்பாவின் காதில் விழுந்தது வியாழக்கிழமை மட்டும்தான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன், குற்றம் இருக்கிறது. குமாஸ்தா அண்ணன் இரண்டு முறை ஆள் விட்டார். "என்மீது வழக்குப் போட்டவனுக்கு நான் எதற்கப்பா பணம் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் ஊரில் என்ன பேசுவார்கள்?" என்று என்னிடம் கேட்டார். "சித்தப்பா, இது அவருக்குக் கொடுக்கிற பணம் இல்லை, மனு பிழைப்பதற்குக் கட்டுகிற பணம்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. மலையில் இந்த எண்ணம் பலருக்கும் உண்டு. காஸ்ட் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் தாமதத்தால் எதிராளிக்கு ஏற்பட்ட செலவுக்கும் அலைச்சலுக்கும் ஈடாகத்தான் நீதிமன்றம் அதை விதிக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஐயாயிரத்துக்கு ரோசப்பட்டவர், அதே வழக்குக்காகப் பஸ்ஸிலும் ஜீப்பிலும் நகல் கட்டணத்திலும் விட்ட காசைக் கணக்குப் பார்த்ததே இல்லை.

இந்த நிலையில்தான் கஜா வந்தது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் மேற்கே நகர்ந்து எங்கள் மலை வரைக்கும் வந்தது. மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன, மின்சாரம் இல்லை, செல்போனும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை சித்தப்பா தோட்டத்தில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை எப்படியோ பாதி தூரம் நடந்து, ஒரு ஜீப்பைப் பிடித்து, வேட்டி மடிப்பில் ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றார். பணம் கட்டியதற்கு மெமோ, அதாவது நீதிமன்றத்துக்கு எழுதித் தரும் குறிப்பு, இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. மனு தள்ளுபடி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு மறுபடி உயிரோடு எழுந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த வகை உத்தரவுதான் ஆபத்தானது. வழக்கமான உத்தரவை மீறினால் யாராவது மனுப் போட்டு, நோட்டீஸ் வந்து, விசாரணை நடந்து, அதன் பிறகே பாதகம் வரும். "தவறினால் தானாகவே தள்ளுபடி" என்ற வரி இருந்தால் அந்தச் சடங்கு எதுவும் கிடையாது. கெடு நாள் முடிந்ததும் உத்தரவு தன் வேலையைத் தானே செய்துவிடும். வாய்தா நாளன்று நீதிபதி செய்வது, ஏற்கெனவே நடந்துவிட்டதைக் குறித்துக்கொள்வது மட்டுமே. செல்போனில் வழக்கு நிலையைப் பார்க்கிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: அங்கே பளிச்சென்று கண்ணில் படுவது அடுத்த வாய்தா தேதி. கெடு உத்தரவின் உடலுக்குள் இருக்கும். உத்தரவு சொன்ன அன்றைக்கே வக்கீலிடம் கேட்க வேண்டியது "அடுத்த வாய்தா எப்போது?" என்பதல்ல, "எதை, யாரிடம், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன?" என்பதுதான். நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகல் மனுவையும் அன்றே போட்டுவிடுங்கள்.

கட்டும் முறையிலும் சூட்சுமம் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லியிருந்தால், அவர் கையெழுத்துடன் ரசீது வாங்கி, அதை ஒரு மெமோவோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வாய்ச்சொல்லை நம்பி வரக் கூடாது. சில சமயம் அவர் வாங்கவே மாட்டார். இது வம்பு அல்ல, தொழில். காஸ்டை வாங்கிக்கொண்டால் உத்தரவை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு அதை எதிர்த்து மேலே போவது சிக்கல் என்பதால் மறுப்பார்கள். அல்லது ஆட்சேபத்துடன் வாங்குவதாக எழுதிக் கொடுப்பார்கள். மறுத்தால் வருத்தப்பட்டுத் திரும்பி வந்துவிடாமல், மறுத்த விவரத்தைச் சொல்லி நீதிமன்றக் கணக்கிலேயே செலுத்த அனுமதி கேட்க வேண்டும். அதற்கு லாட்ஜ்மென்ட் ஷெட்யூல் என்ற படிவம் எழுதித் தர வேண்டும். அலுவலகம் சரிபார்த்துச் சலான் தந்த பிறகு வங்கியில் பணம் கட்டி, ரசீதை நீதிமன்றத்தில் சேர்க்க வேண்டும். சொல்லும்போது ஒரு வரி. செய்யும்போது ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் போய்விடும். கடைசி நாளன்று காலையில் இதைத் தொடங்குகிறவர் கெடுவைத் தாண்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல், மே சீசனில் கொடைக்கானல் ஏறும் வண்டிகள் பெருமாள்மலைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்கு விடுமுறை. டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் விடுமுறை. கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையாக இருந்தால் மறுநாள் செய்யலாம் என்ற பொது விதி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பணத்தை வக்கீலிடம் கொடுக்கச் சொல்லியிருக்கும்போது, நீதிமன்றம் மூடியிருந்தது என்று சொன்னால் எதிர்த்தரப்பு விட்டுவிடுமா? அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் முதல் வாரத்திலேயே கட்டிவிடுவதுதான் மலைக்காரனுக்கு அழகு.

கெடு தப்பிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஆம் பிரிவு, நீதிமன்றம் தான் விதித்த காலத்தைத் தானே நீட்டிக்கலாம் என்கிறது. முதலில் கொடுத்த காலம் முடிந்துபோயிருந்தாலும் நீட்டிக்கலாம். 2002இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்த நீட்டிப்பு மொத்தத்தில் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு கட்டியது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது: கட்சிக்காரரின் சக்திக்கு மீறிய காரணத்தால் செய்ய முடியாமல் போயிருந்தால் 30 நாளுக்கு அப்பாலும் நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதற்கும் முன்பு, 1961இல் மகந்த் ராம் தாஸ் வழக்கில், இத்தகைய கெடு உத்தரவுகள் இழுத்தடிப்பவர்களை மிரட்டி வழிக்குக் கொண்டுவரத்தானே தவிர, பின்னால் நடந்ததைப் பார்க்கவே கூடாது என்று நீதிமன்றத்தின் கையைக் கட்டிப் போடுவதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் கட்ட வேண்டியிருந்தது நீதிமன்றக் கட்டணப் பாக்கி. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் அவகாசம் கேட்டு மனுப் போட்டது கெடு முடிவதற்கு முன்பு. மனு விசாரணைக்கு வந்ததுதான் கெடு முடிந்த பிறகு.

ஆகவே பணம் புரளாது என்று தெரிந்தால் கெடு இருக்கும்போதே அவகாச மனுவைப் போட்டுவிட வேண்டும். கெடுவுக்கு முந்தைய நாள் போட்ட மனுவுக்கும் மறுநாள் போட்ட மனுவுக்கும் நீதிபதி முன்பு உள்ள மதிப்பு வேறு. முன்பே போட்டவன் உத்தரவை மதிக்கிறவன்; பிறகு போட்டவன் காரணம் தேடுகிறவன்.

நாங்கள் 148இல் மனுப் போட்டோம். புயலைக் காரணமாகச் சொன்னோம். பாதை அடைபட்டது ஊரறிந்த விஷயம். நீதிபதியும் அந்தப் புயலில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்தான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உத்தரவு அக்டோபரில் வந்தது. புயல் நவம்பர் 16இல் வந்தது. இடைப்பட்ட நாட்களில் பாதையை அடைத்தது யார்?" பதில் சொல்ல எங்கள் பக்கம் ஆளில்லை. மனு தள்ளுபடியானது. எனக்கு அந்த வக்கீல்மீது கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, கெடுக்காலம் முழுவதையும் அது மூடவும் வேண்டும்.

அடுத்து மதுரை. திண்டுக்கல் மாவட்டம் முழுக்க 2004 முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கீழ் வருகிறது. கீழ் நீதிமன்ற உத்தரவு சரிதானா என்று பார்க்கக் கேட்கும் சீராய்வு மனு எழுதி, அதில் குறை கண்டு திருப்பி அனுப்பி, சரிசெய்து மறுபடி தாக்கல் செய்து, எண் விழுவதற்குள் இங்கே மலையில் வேறு வேலை நடந்துவிட்டது. தீர்ப்பை அமல்படுத்தி நிலத்தை வாங்கித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவைப் பங்காளி முன்னரே போட்டு வைத்திருந்தார். தடை உத்தரவு எதுவும் கைவசம் இல்லை. மேலே மனுப் போட்டாலே கீழே எல்லாம் நின்றுவிடும் என்று சித்தப்பா கடைசி வரை நம்பினார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. தடை என்று ஒரு தாள் கையில் இருந்தால்தான் நிற்கும். மிளகு பழுத்துச் சிவக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து எல்லையைக் காட்டி, நிலத்தைப் பங்காளியிடம் ஒப்படைத்து டெலிவரி கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருட மிளகைப் பறித்தது அவர்கள் ஆட்கள்.

சீராய்வு மனுவில் கடைசியில் எங்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. காஸ்ட் மட்டும் 5,000 அல்ல, 25,000. கட்ட வேண்டிய காலம் இரண்டு வாரம். தவறினால் என்ற வரி இங்கேயும் இருந்தது. இந்த முறை சித்தப்பாவைக் கேட்கவில்லை. சித்தி கழுத்துச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். அடகு வைத்து அந்த வாரத்திலேயே போனோம். எதிர்பார்த்தது போலவே எதிர்த்தரப்பு வக்கீல் வாங்கவில்லை. அன்றைக்கே லாட்ஜ்மென்ட் ஷெட்யூல் கொடுத்து, சலான் வாங்கி, வங்கியில் கட்டி, ரசீதைச் சேர்த்த பிறகுதான் ஊருக்கு பஸ் ஏறினோம்.

தோற்றவனுக்கு மட்டுமே கெடு என்று நினைக்க வேண்டாம். பண்ணைக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் வழக்கில் ஜெயித்துவிட்டுத் தோற்றார். வீட்டு மனை ஒன்றுக்கு விற்பனை ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்திருந்தார். விற்பவர் பின்வாங்கியதால் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்டு வழக்குப் போட்டார். தீர்ப்பு அவர் பக்கம். பாக்கித் தொகையை மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்தில் செலுத்தினால் கிரயம் செய்து கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாணை சொன்னது. இவரோ, ஜெயித்தது நான், அவன்தானே என்னைத் தேடி வர வேண்டும் என்று வீட்டில் இருந்துவிட்டார். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பணம் கட்டத் தவறினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கோரி விற்பவர் அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்கிறது. விற்பவர் போட்டார். அதே பிரிவில் காலத்தை நீட்டிக்கவும் இடமுண்டு. ஆனால் இவர் விழித்துக்கொண்டபோது வருடம் கடந்திருந்தது, மனை விலையும் ஏறியிருந்தது. ஏறிய விலையில் பழைய பணத்தைக் கட்டுகிறேன் என்று வருகிறவர்மீது யாருக்கும் இரக்கம் வருவதில்லை.

பணக் கடன் தீர்ப்புகளில் மேல்முறையீடு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தடை கேட்டால் தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டு, அல்லது ஜாமீன் கொடு என்று நிபந்தனை வரும். கட்டாவிட்டால் மேல்முறையீடு பெரும்பாலும் அப்படியே இருக்கும்; தடை மட்டும் போய்விடும். வீட்டில் ஜப்தி, நீதிமன்றத்தில் அப்பீல் என்று இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். வாய்தா வாங்கி இழுத்தடித்ததற்காக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-பி பிரிவில் விதிக்கிற காஸ்ட் இன்னும் கறாரானது: அடுத்த வாய்தாவுக்குள் கட்டாவிட்டால், வாதியானால் வழக்கையும், பிரதிவாதியானால் தன் எதிர்வாதத்தையும் மேற்கொண்டு நடத்த முடியாது.

இவையெல்லாம் உங்கள் கதவை நீங்களே அடைத்துக்கொள்ளும் வகை. "செய்யாதே" என்ற தடை உத்தரவை மீறுவது வேறு சங்கதி. பாதையை மறிக்கக் கூடாது என்று உத்தரவு இருக்க, இரவோடு இரவாகக் கல் நட்டால், சொத்தை ஜப்தி செய்யவும் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. மலையில் பாதைத் தகராறு இல்லாத ஊர் கிடையாது என்பதால் சொல்லி வைக்கிறேன். மறுபக்கமும் ஒன்று உண்டு. எதிராளி உங்களைக் கேட்காமலே அவசரத் தடை வாங்கியிருந்தால், மனு, பிராது, ஆவணங்களின் நகல்களை உடனடியாக உங்களுக்கு அனுப்பி, அனுப்பியதாக அன்றோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியது அவர் கடமை. உறையைக் கிழித்துப் பார்க்கும்போது தபால் முத்திரைத் தேதியையும் பாருங்கள். எங்கள் ஊரில் ஒருவர் அதை வைத்தே தடையை நீக்க வைத்தார்.

சித்தப்பா வழக்கில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ரத்தான பிறகு நிலத்தைத் திரும்பக் கேட்டு அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் மனுப் போட்டோம். ரத்தான தீர்ப்பை வைத்து ஒருவர் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர வேண்டும், இடைக்கால வருமானத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பிரிவு. நிலம் வந்துவிட்டது, நடுவில் கொரோனாக் காலமும் குறுக்கிட்டதால் அதற்குச் சில வருடங்கள் ஆயின. மிளகுக் கணக்கு இன்னும் முடியவில்லை. எத்தனை கிலோ பறித்தார்கள் என்று அவர்கள் ஒரு எண் சொல்கிறார்கள், நாங்கள் ஒரு எண் சொல்கிறோம். எங்கள் எண்ணுக்கு இருக்கும் ஒரே ஆதாரம், பட்டிவீரன்பட்டி வியாபாரியிடம் முந்தைய வருடங்களில் மிளகு போட்டபோது வாங்கிய எடைச் சீட்டுகள். சித்தி அவற்றை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். கணக்கைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்தபோது அதைத்தான் நீட்டினோம். அடுத்த வாய்தா அதன்மீதுதான்.